பச்சைப் பொய்

ஐந்து நாளைக்கு ஒருமுறை அது தலைக்குமேல் போகும்.
அன்று மேகம் இல்லாமல் இருந்தால்
வைசொச்சீனா மேட்டுநிலத்தில் அதுதான் அதிர்ஷ்டம்.
மறுநாள் காலை, காப்பி ஆறுவதற்குள்,
என் திரையில் காடு வந்து இறங்கும்,
சிவப்பாக.

பயப்பட வேண்டாம்.
இந்தப் படத்தில் சிவப்பு என்றால் உயிர்.
ஊசியிலைக்குள் ஈரம் குடித்த குட்டி அறைகள்
கண்ணுக்கு எட்டாத ஒரு வெளிச்சத்தை
எங்களுக்கு வேண்டாம் என்று
வானத்துக்கே திருப்பி அனுப்புகின்றன.
அகச்சிவப்பு.
பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது:
புறத்தில் பச்சை,
அகத்தில் இது.

முதலில் இந்தக் கண்ணைத் தேடியவர்கள்
காட்டை நேசித்தவர்கள் அல்லர்.
பீரங்கிமேல் தழை வெட்டிப் போட்டு ஒளித்த காலம்.
நேற்று வெட்டிய தழை
படச்சுருளில் வெளிறிப்போய்க் காட்டிக்கொடுத்தது.
அதற்கப்புறம் என்ன விழுந்திருக்கும் என்று
யாரும் என்னிடம் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

ஜூன் பத்தொன்பதாம் தேதிப் படத்தில்
ஹோர்னி லேஸ்காவுக்கு மேற்கே
நாற்பது மரம் சிவப்பிலிருந்து கொஞ்சம் இறங்கியிருந்தது.
செங்கல்லுக்கும் வாடிய ரோஜாவுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.
காட்டுக்குச் சொந்தக்காரர் திராஹொமீர் வட்சூலாவுக்கு எழுதினேன்:
பட்டைவண்டு. உடனே வெட்டுங்கள்.

பேருந்து பிடித்து நேரே வந்துவிட்டார்.
தொப்பியைக் கழற்றவில்லை.
விசைப்பலகைமேல் ஒரு கிளையை வைத்தார்.
பச்சை.
பிசின் விரலில் ஒட்டும் பச்சை.
"இதையா செத்தது என்கிறாய்?"

ஒரு மனிதனின் கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு
இது சொல்வது பச்சைப் பொய் என்று
அவனிடமே எப்படிச் சொல்வது?
அடிமரத்தில் காப்பித்தூள் மாதிரி
ஏதாவது கொட்டியிருந்ததா என்று மட்டும் கேட்டேன்.
"மழை பெய்தது, கழுவிக்கொண்டு போயிருக்கும்" என்றார்.
பிறகுதான்
தான் சொன்னது அவருக்கே கேட்டது.

ஆனாலும் வெட்டவில்லை.
அந்த ஆண்டு மரம் போன விலை
ரம்பக்காரன் கூலிக்கே காணாது.
இதைச் சொல்லாமல் விட்டால்
அவரை வெறும் பிடிவாதக்காரர் ஆக்கிவிடுவேன்.

ஆகஸ்டில் அவர் காடு சிவந்தது,
பேருந்தில் போகிறவர்களும் பார்க்கும்படி.
அதே வாரம் என் படத்தில் அதே இடம்
நீலச் சாம்பலாகிவிட்டது.
இரண்டு சிவப்புகள் எதிரெதிரே வந்து
முகம் தெரியாதவை போலக்
கடந்து போயின.
நாற்பதை எண்ணுவதை
எண்ணூறில் நிறுத்திக்கொண்டேன்.

பதினோரு வருடமாக எனக்கு அந்தக் காட்டைத் தெரியும்.
ஓடை வளைவு, பழைய கல்குழி,
காற்று சாய்த்த மூலை, எல்லாம்.
அக்டோபரில் நேரில் போனபோது
வழி தெரியவில்லை.
மேலிருந்து தெரிந்த எதுவும்
பக்கவாட்டில் தெரியவில்லை.
வட்சூலா முன்னால் நடந்தார்.
உதிர்ந்த பட்டை காலடியில் அப்பளம்போல் நொறுங்கியது.
ஒரு துண்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார்:
நடுவே ஒரு கோடு, இருபுறமும் கிளைக்கோடுகள்,
வண்டும் அதன் பிள்ளைகளும் தின்றுபோன தடம்.
"நல்ல கையெழுத்து" என்றார்.
சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.
அவர் சிரித்த பிறகு சிரித்தேன்.

இந்த மே மாதப் படத்தில்
அந்தச் சாம்பலுக்குள் மூன்று புள்ளி.
புள்ளி ஒன்றுக்குப் பத்து மீட்டர்.
ஈரத்துணியில் சாயம் கசிந்ததுபோல் வெளிர் ரோஜா.
புல்லாக இருக்கலாம்.
முட்செடியாக இருக்கலாம்.
பிர்ச் கன்றுகள் என்று எழுத
விரல் போய்விட்டுத் திரும்பியது.

போன் செய்தேன். போய்ப் பாருங்கள் என்றேன்.
வெகுநேரம் காலடிச் சத்தம், மூச்சு,
எங்கோ ஒரு மரங்கொத்தி.

"பச்சை" என்றார்.
அப்புறம், குரலைத் தாழ்த்தி,
"உன்னிடம் என்ன நிறம்?"